விற்பதற்காக என்று வாசித்தார்கள்

ஓசூர் கோர்ட்டு வராந்தாவில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர்க் குழாய்வரை போவேன், திரும்பி வருவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் நடுவே பேசச் சொன்னாலே ஒதுங்கிக்கொள்வேன்.

எல்லாம் ஒரு கிடா விருந்தால் வந்தது. கல்லாவியில் என் மச்சான், மனைவியின் அண்ணன், விருந்து வைத்தார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. ஆனால் மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்துகொண்டு, எல்லை தாண்டி கர்நாடகா பக்கம் அத்திப்பள்ளியில் கம்பெனி வேலைக்குப் போகிறவன். எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை செய்யும் உறவுக்காரன்தான் சரக்கு வாங்கி வரவேண்டும். அங்கே விலை குறைவு. மச்சான் கேட்டபோது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடையில் பில் கேட்டு வாங்கினேன். பில் இருக்கும்போது என்ன பயம் என்று பையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன். செக்போஸ்டில் நிறுத்தினார்கள். நானே பில்லை எடுத்து நீட்டினேன்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "அண்ணே, இது கர்நாடகா பில்லு. இங்க இதுவே உனக்கு எதிரான சாட்சி. பத்திரமா குடு."

அங்கே கடையில் விற்கும் பொருளை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் இங்கே குற்றம் என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டார்கள். மச்சான் வந்து கையெழுத்துப் போட்டு ஜாமீனில் அழைத்துப் போனார். வழியெல்லாம் ஒரே பேச்சு.

"பெட்டி கேஸு மாப்ள. ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டு வந்துடு. அதையே புடிச்சுத் தொங்காத."

எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. கம்பெனியில் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பார்கள். தண்டனை பெற்றவன் என்று வந்தால் கேட்டுக்குள்ளே விடமாட்டார்கள். ஃபைன் கட்டினால் எல்லாம் முடிந்துபோகும், வெரிஃபிகேஷனில் ஒன்றும் வராது என்று நம்பினேன்.

வராந்தாவில் பக்கத்தில் நின்ற பேரிகை ஊர்க்காரர் சீட்டாட்டக் கேஸில் வந்தவர். "கூப்புட்டா ஆமான்னு தலையாட்டு. சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிரலாம்" என்றார். "நான் ஆட்டி ஆட்டி இந்தக் கழுத்தே தேஞ்சுபோச்சு."

என் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குற்றச்சாட்டை வாசித்தார்கள். பாதி புரியவில்லை. நடுவில் 'விற்பதற்காக' என்று வந்தது மட்டும் காதில் தைத்தது.

"ஒத்துக்கறீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

தலையை ஆட்டியிருப்பேன். தலை ஆடவில்லை.

"கொண்டு வந்தது நெசங்க ஐயா. விக்கறதுக்கு இல்லீங்க. விருந்துக்குங்க."

"வக்கீல் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"வக்கீல் வைக்க வசதி இல்லேன்னா அரசே இலவசமா வச்சுத் தரும். அது உங்க உரிமை. கேட்டுட்டு அப்புறம் பதில் சொல்லுங்க" என்று வேறு தேதி கொடுத்தார்.

சட்ட உதவி அறையில் இருந்த வக்கீல் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குற்றப்பத்திரிகை நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

"ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுனா அதுவும் தண்டனைதாண்ணா. வெரிஃபிகேஷன்ல அது வரும். கொண்டு வந்ததுக்கு ஒரு கணக்கு, விக்கறதுக்குக் கொண்டு வந்ததுக்கு வேற கணக்கு. செய்யாததை எதுக்கு ஒத்துக்கணும்?"

வெளியே வந்ததும் மச்சானிடமிருந்து போன். நடந்ததைச் சொன்னேன். "என்னது, ஒத்துக்கலையா? நீ என்ன பெரிய வக்கீலா மாப்ள?" நான் போனை வைத்துவிட்டேன். கையோடு நானே சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். கேஸ் விஷயத்தை அவரிடம் அதுவரை மறைத்துவைத்திருந்தேன். முழுவதையும் சொன்னேன்.

"தண்டனை ஆச்சா?"

"இல்லீங்க சார். கேஸ் நடக்குது. நான் ஒத்துக்கல."

"சரி, நாளைக்கு ஷிஃப்டுக்கு வா. தீர்ப்பு வந்ததும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்" என்றார்.

வாய்தா இன்னும் நடக்கிறது. வண்டி ஸ்டேஷன் வாசலில் மண்ணேறி நிற்கிறது. கம்பெனி பஸ்ஸில்தான் போகிறேன். வேலை முடிந்து திரும்பும்போது செக்போஸ்ட் வந்ததும், மடியில் காலி டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தாலும், ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.