ஒரு நூல் தள்ளி

கண்ணகிக்கு மரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கம்மாபுரத்தில் அப்பாவின் பட்டறையில் இழைப்புளி பிடித்த கை அது. கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊரான வடக்குத்தில் ஷெட் போட்டுக் கதவு, கட்டில் என்று வெளுத்துக் கட்டினாள். ஆனால் பாருங்கள், ஊர் வாயில் அது ‘மைன்ஸ் ஃபிட்டர் பாலகுமார் பட்டறை’தான். புருஷன் பேர்! எரிச்சல் வராதா?

அப்போதுதான் சிவப்பிரகாசம் வந்தார். பிரான்சில், பிரிட்டனி மாகாணத்துப் பக்கம் பேக்கரியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இங்கே திறக்கும் கடைக்கு அந்த ஊர்ப் பழைய வீட்டு முகப்பே வேண்டுமாம். போட்டோ காட்டினார். வீடு முழுக்க மரச்சட்டத்தில் நிற்கிறது. நடுவே மண்பூச்சு, குறுக்கே சாய்வுக் கட்டைகள். மாடி கீழ்த்தளத்தைத் தாண்டித் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சட்டங்களைப் பிடித்திருப்பதெல்லாம் மர ஆணிகள்.

“பண்ணிடலாங்க.”

“ஆடுச்சுன்னா வெல்டிங் கடைக்குக் குடுத்துடுவேம்மா.”

“பண்ருட்டிப் பலாவுல பண்றேங்க. ஆடாது.”

சட்டத்தின் நாக்கு அடுத்த சட்டத்தின் குழிக்குள் உட்காரும்படி செதுக்கினாள். மர ஆணி இறங்க, நாக்கிலுள்ள ஓட்டையை மட்டும் வெளிச்சட்டத்து ஓட்டைக்கு நேராகப் போடாமல் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தள்ளிப் போட்டாள். மர ஆணியை அடித்து இறக்கினால் அது இரண்டையும் இழுத்து இறுக்கிவிடும். அதுதான் சூட்சுமம்.

அவள் சாப்பிடப் போன நேரம், ஷிஃப்ட் முடிந்து பாலகுமார் வந்தான். மைன்ஸில் ஓட்டை நேராக இல்லாவிட்டால் போல்ட் இறங்காது. பாவம், அசந்துவிட்டாள் என்று ட்ரில்லை எடுத்து அத்தனை ஓட்டையையும் நேராக்கி வைத்தான். மகா உபகாரம்!

கண்ணகி திரும்பி வந்து ஆணி அடித்தால் சட்டம் லொடலொட என்கிறது.

“யாருங்க இதுல கை வெச்சது?”

“நான்தான். கோணலா இருந்துச்சே...”

“கோணலாத்தாங்க வெச்சிருந்தேன்!”

பாலகுமாருக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் சிவப்பிரகாசம் பார்க்க வருகிறார். கண்ணகிக்குக் கோபம் பொங்கியது, பயம் வரவில்லை. பழைய ஓட்டைகளைக் கட்டை செருகி அடைத்தாள். பக்கத்திலேயே புதிதாகத் துளைத்தாள், மறுபடியும் ஒரு நூல் தள்ளி.

“நீங்க ட்ரில்லைத் தொடாதீங்க. சட்டத்தை மட்டும் புடிச்சிகினு நில்லுங்க.” நின்றான்.

மறுநாள் சிவப்பிரகாசம் முகப்பை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். நீட்டிய மாடி உத்திரத்தைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார். அசையவில்லை. மனுஷன் நேரே பாலகுமாரிடம் போய்க் கையைப் பிடித்தார். “பிரமாதம் சார்! எப்படிப் பண்ணீங்க?”

கண்ணகிக்குச் சுருக்கென்றது. பாலகுமார் கையை விடுவித்துக்கொண்டான்.

“நான் பண்ணதோட விட்டிருந்தா இந்நேரம் உங்க தலைமேல விழுந்திருக்கும் சார். பண்ணது அவங்க.”

சிவப்பிரகாசம் திரும்பினார். கண்ணகி கையைத் துடைக்கவில்லை. மரத்தூளோடு அப்படியே நீட்டினாள்.