சூட்டறையில் குறைத்த இரண்டு கிலோ

போடியில் ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டரம்மா பேசியபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சர்க்கரை, பிரஷர், கெட்ட கொழுப்பு, தொப்பை என்று நாலும் கூட்டணி போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். போதாததற்கு உடம்புக்குள் அழற்சி வேறு. வெளியே தெரியாத புண் மாதிரி ரத்தக் குழாயை அரித்துக்கொண்டே இருக்குமாம். "எடையக் குறைங்கண்ணே, அதுவும் அடங்கும். இல்லைன்னா இதயத்துக்குத்தான் ஆபத்து" என்றார். ஏலக்காய் வியாபாரியாக இருந்த என் அண்ணன் மாரடைப்பில் போனது இதே ஐம்பத்திரண்டு வயதில். பிறகுதான் பயம் வந்தது.

என் வேலை குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துவது. ஐந்து கிலோ பச்சைக்காயைச் சூட்டறையில் பரப்பினால் ஒரு கிலோவாக வெளியே வரும். எடை குறைப்பதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? காய் எடுத்த பிறகும் சூடு ஆறாத அந்த அறையில் ஒரு வாரம் கம்பளி போர்த்தி உட்கார்ந்தேன். தண்ணீரையும் குறைத்தேன். காய் நிறுக்கும் தராசில் ஏறினால் இரண்டு கிலோ காணவில்லை. "இன்னும் ரெண்டு நாள் உள்ள இருங்கண்ணே, முதல் தரத்துல சேத்துருவோம்" என்று காய் பொறுக்கும் பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுபரிசோதனையில் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் எண் இம்மியும் இறங்கவில்லை. தலைசுற்றல்தான் மிச்சம். நான் செய்ததைக் கேட்டு டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தண்ணியத்தான் காய வச்சிருக்கீங்க. ரெண்டு சொம்பு குடிச்சா திரும்பி வந்துரும். அழற்சியக் கெளப்பி விடுறது வயித்துக் கொழுப்பு. அது கரைய மாசக்கணக்காகும்ண்ணே."

ஆத்திரம் அடங்க இரண்டு நாளாயிற்று. பிறகு அவரைக் கேட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் ஜீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நடந்தே மலை ஏறினேன். மூட்டு கெஞ்சியது. மூன்று கரண்டிச் சோறு ஒன்றாயிற்று, அதற்காகத் தினமும் வீட்டில் எரிந்து விழுந்தேன். எட்டு மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது. அழற்சி எண்ணும் பாதிக்குக் கீழே வந்திருந்தது. மாத்திரை இன்னும் உண்டு. மூட்டு வலி எப்போது நின்றதென்றுதான் தெரியவில்லை.

அந்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டலாமென்று ராசிங்காபுரத்தில் இருக்கும் மதினி வீட்டுக்குப் போனேன். அண்ணன் போனபின் அவர் அங்கே தனியாக இருக்கிறார். விவரமெல்லாம் கேட்டுவிட்டுச் சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

"அவுகளும் ஒருக்கா சோத்தக் குறைச்சாக. ஞாபகம் இருக்கா தம்பி?"

இருந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது கரண்டிச் சோற்றை வேண்டாமென்று அண்ணன் கையால் மறித்தார். "தொப்பை இல்லாட்டி எவன்ணே உன்னைய வியாபாரின்னு நம்புவான்?" என்று பந்தியையே சிரிக்க வைத்தவன் நான். அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையை மறித்த கையை எடுத்துவிட்டார்.