நூறாவது சிக்ஸர் என் கையில் விழுந்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி பக்கம், சமணர் மலையைப் பார்த்தாற்போல ஒரு கண்மாய் இருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றிவிட்டால் அதுதான் எங்கள் கிரிக்கெட் மைதானம். வருடா வருடம் அங்கே டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். ஆறு ஓவர் மேட்ச். தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். எங்கள் ஆசிரியர்கள் ஒரு டீம் வைத்திருந்தார்கள். அதில் எனக்கும் ஓர் இடம் உண்டு. என் ஆட்டத்தைப் பார்த்துக் கொடுத்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள், பதினோரு பேர் தேறவில்லை, அவ்வளவுதான். பேட்டிங்கில் நான் கடைசி ஆள். பந்து போடத் தெரியாது. என் கையிலிருந்து நழுவாத பந்து என்று ஒன்று உண்டென்றால், அது என் பக்கமே வராத பந்துதான். அத்தனை வருடங்களில் ஒரு கேட்ச்கூட நான் பிடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் ஆராதனையை முடித்த கையோடு சட்டையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடுவேன். “முழங்கால் போடுறப்ப, ஆண்டவரே ஒரே ஒரு கேட்ச் குடுங்கன்னு கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?” என்று என் மனைவி வாரம் தவறாமல் கிண்டல் செய்வாள்.

அந்த டோர்னமென்டுக்கு ஒரு ராஜா இருந்தார். சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்த சுங்குடிச் சேலை வியாபாரி. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கக் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலை விரித்துக் காட்டுகிறவருக்கு எவ்வளவு தொப்பை இருக்குமோ அவ்வளவு தொப்பை. ஓடி ரன் எடுப்பது என்றால் அவருக்கு வேப்பங்காய். “ஓடுறதுக்கு நான் என்ன பஸ்ஸையா விட்டுட்டேன் மாப்ள?” என்பார். ஓடாமல் ரன் எடுக்க சிக்ஸர் ஒன்றுதான் வழி. அதனால் அதை மட்டும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்றால் சும்மா இல்லை. அவர் லெக் சைடில் தூக்கினால் பந்து பவுண்டரிக் கோட்டைத் தாண்டி, கரையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் போய் விழும். அதைத் தேடப் போகிறவன் முள் கிழித்த காலோடுதான் திரும்பி வருவான்.

மனிதர் எல்லாரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அம்பயர் மாப்ள, எதிர் டீம் பவுலர் மாப்ள, பரிசு கொடுக்க வந்த போலீஸ் அதிகாரியையும் ஒரு தடவை வாய் தவறி மாப்ள என்றுவிட்டார். அந்த அதிகாரியும் சிரித்துக்கொண்டே கோப்பையைக் கொடுத்தார். கோபித்துக்கொள்ள முடியாத முகம் சேலைக்கடைக்காரருக்கு.

அந்த டோர்னமென்டில் அவர் அடித்த சிக்ஸர்களை மைக்கில் வர்ணனை சொல்கிறவர் முதல் வருடத்திலிருந்தே எண்ணிக்கொண்டு வந்தார். அடுத்த இடத்தில் இருந்தவர் அவருடைய கணக்கில் பாதியைக்கூடத் தொடவில்லை. வருடத்துக்கு ஒரு டோர்னமென்ட், அதில் கிடைப்பதே இரண்டு மூன்று மேட்ச். அதில் நூறு சிக்ஸர் அடிப்பது என்றால் திறமை மட்டும் போதாது, உடம்பும் ஆயுளும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். அவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. முழங்கால் தேய்ந்துபோய், இனி விளையாடினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வருடத்தோடு சரி என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். எங்கள் டீமுக்கு எதிராக இறங்கும்போது அவருடைய கணக்கு தொண்ணூற்றெட்டில் நின்றது.

அன்று மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. கரையில் அவர் பேட்டோடு நிற்கும் பெரிய ஃபிளெக்ஸ். திருமங்கலத்திலிருந்து வேன் பிடித்து வந்த உறவுக்காரர்கள். ஓர் அண்டா நிறையப் புளியோதரை. நூறாவது சிக்ஸர் விழுந்ததும் கொளுத்துவதற்காக, கோட்டுக்கு வெளியே பத்தாயிரம் வாலா சரவெடியை நீளமாக விரித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பொறுப்பு அவருடைய மச்சினர். எரிகிற ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி மனிதர் காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை.

நாங்கள் முதலில் ஆடினோம். எங்கள் கேப்டன் பி.டி. மாஸ்டர் அன்று வெளுத்து வாங்கிவிட்டார். அடுத்து அவர்கள் இறங்கியதும் சேலைக்கடைக்காரர் ஒரு சிக்ஸர் தூக்கினார். தொண்ணூற்றொன்பது. அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. கடைசி ஓவரில் மூன்று பந்து பாக்கி இருந்தபோது அவர்களுக்கு முப்பது ரன்னுக்கு மேல் வேண்டும். மேட்ச் முடிந்துபோன கதை. இனி ஆட்டத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சிக்ஸர் மட்டும்தான். உண்மையைச் சொன்னால், எங்கள் டீமில் எல்லாருமே அதற்குத்தான் காத்திருந்தோம்.

கேப்டன் என்னை லெக் சைடில் கோட்டு ஓரமாக நிறுத்தினார். “சார், பந்து எப்படியும் ஒங்க தலைக்கு மேல போயிரும். நீங்க போய் எடுத்துட்டு மட்டும் வாங்க, போதும்” என்றார். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

“மலை மேல நிக்கிறவுங்கல்லாம் கொஞ்சம் குனிஞ்சுக்கங்க! நம்ம அண்ணே அடிக்கப் போறாரு!” என்று மைக் அலறியது. பந்து வந்தது. அவர் தூக்கினார். ஆனால் சுற்றும்போது அந்த முழங்கால் லேசாக மடங்கியதை நான் பார்த்தேன். பந்து தூரம் போக வேண்டியது, உயரம் போயிற்று. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். எனக்குப் பின்னால் மச்சினருக்குப் பொறுமை போய்விட்டது. பந்து வானத்தில் இருக்கும்போதே திரியில் ஊதுபத்தியை வைத்துவிட்டார்!

முதுகுக்குப் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. சாதாரணமாக ஒற்றை வெடிக்கே காதைப் பொத்துகிற ஆள் நான். அன்று என்னவோ, பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது நேராக வந்து என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உட்கார்ந்தது. நானும் அந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் வாழ்க்கையின் முதல் கேட்ச். நிமிர்ந்து பார்த்தால் கைதட்ட ஓர் ஆள் இல்லை. புகை என்னைச் சுற்றி மூடிக்கொண்டிருந்தது. சரம் வெடித்து ஓய்ந்ததும், கரையிலிருந்து ஒரு பெண் குரல் “அய்யய்யோ” என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவனைப் போலப் பந்தை மடியில் மறைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் கேப்டன் கத்தினார். “கால் பட்டுருச்சு! சாரோட கால் கோட்டுல பட்டுருச்சு! சிக்ஸ்!” அந்தப் புகையில் நான் அவர் கண்ணில் பட்டிருக்கவே முடியாது. அம்பயர் என்னைப் பார்த்தார். நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். ஆமாம், பட்டுவிட்டது என்று காலைத் தட்டிக்கூடக் காட்டினேன். அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கினார். அவ்வளவுதான், கரை முழுக்க விசில். மைக்கில் “நூறு! நூறு! நூறு!” என்று ஒரே கூச்சல். எனக்கோ அப்பாடா என்று இருந்தது. ஒரு பெரிய மனிதருக்கு நம்மால் ஆன உபகாரம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. பேட்டை ஊன்றிக்கொண்டு, நொண்டியபடி என்னை நோக்கி நடந்து வந்தார். அவ்வளவு தூரம் அவர் மைதானத்தில் நடந்து நான் பார்த்ததேயில்லை.

“கால் பட்டுச்சா மாப்ள?”

“பட்டுச்சுண்ணே.”

“எந்தக் காலு?”

வலது காலைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். காலையில்தான் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டிருந்தார்கள். அது துளிகூடக் கலையாமல் கிடந்தது. நான் உட்கார்ந்த தடம் கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் தள்ளிப் பதிந்திருந்தது. என் ஷூவில் கண்மாய் மண்தான் இருந்தது, பேருக்குக்கூட வெள்ளை இல்லை.

கேப்டன் மூச்சிரைக்க ஓடி வந்தார். “விடுங்கண்ணே. மேட்சு எப்புடியும் முடிஞ்சுபோச்சு. இதுனால யாருக்கு என்ன நட்டம்? எம்புட்டு பேரு ஒங்களுக்காக வந்திருக்காங்க!”

அவர் மெல்ல நிமிர்ந்தார். என்னிடம் கேட்டார்: “இதுக்கு முன்னாடி எத்தனை கேட்சு பிடிச்சிருக்க மாப்ள?”

“இதுதாண்ணே மொத தடவ.”

அவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். பிறகு மைக் இருந்த பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினார். “ஏ மைக்கு! நூறு கெடையாது. அவுட்டு! சுத்தமான கேட்சு. பிடிச்சது யாருன்னு பேரைச் சொல்லிக் கைதட்டச் சொல்லு!”

மைக் பிடித்தவருக்கு என் பெயர் தெரியாது. கொஞ்சம் திணறிவிட்டு, “அண்ணே அவுட்டு... கேட்ச் பிடிச்சது... பள்ளிக்கூடத்து ஆபீஸ் சாரு!” என்றார். உடனே யாரும் கைதட்டவில்லை. மச்சினர் மட்டும் அணைந்த ஊதுபத்தியோடு என்னை முறைத்துப் பார்த்தார். அவர் பாடு அவருக்கு.

சேலைக்கடைக்காரர் என் தோளில் கையைப் போட்டார். பாசத்தில் போட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். பாரம் இறங்கியபோதுதான் தெரிந்தது, தனியாக நடக்க அவரால் முடியவில்லை. அத்தனை வருடம் அந்த மைதானத்தை ஆண்ட மனிதர், தன்னை அவுட்டாக்கியவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கடைசியாக வெளியே வந்தார். பாதி தூரம் வந்ததும் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு கரை மொத்தமும் எழுந்து நின்று தட்டியது.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? ஒண்ணுதானே பாக்கி?” என்று கேட்டேன்.

கைதட்டலுக்கு நடுவே என் காதோரம் குனிந்து அவர் சொன்னார். “எனக்குத் தொண்ணூத்தொம்பது இருக்கு மாப்ள. ஒங்கிட்ட இருக்குறதே ஒண்ணு. அதையும் எனக்குக் குடுத்துட்டு, நீ வெறுங்கையோடவா வீட்டுக்குப் போவ?”

நாற்பத்தைந்து வயதில், அத்தனை பேர் முன்னால் நான் அழுதுவிட்டேன். கேட்டவர்களிடம் வெடிப்புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு நான் வேறு கேட்ச் எதுவும் பிடிக்கவில்லை. அவருடைய கணக்கும் தொண்ணூற்றொன்பதிலேயே நிற்கிறது. அதன் பக்கத்தில் இதுவரை யாரும் வரவில்லை, இனி வருவார்கள் என்றும் தோன்றவில்லை. பெரிய ஆட்கள் முன்னால் நம்முடையது எதுவும் கணக்கில் வராது என்று அதுவரை நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். நூறைத் தொட ஒன்றே ஒன்று பாக்கி இருக்கும்போது, அதை விட்டுவிட்டு என் கையில் இருந்த அந்த ஒன்றைப் பார்த்த மனிதரை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.