கேட்டு வாங்கச் சொன்னவர்

மற்றவர்களுக்காக எதையும் கேட்டு வாங்கத் தயங்காத சௌந்தரம், தனக்கென்று ஒருநாள் மருத்துவ விடுப்பைக்கூட ஏன் கேட்கவில்லை? இரங்கல் கூட்டம் முடிந்ததும் ஒரு பழைய மாணவி என்னிடம் இப்படிக் கேட்டாள். இத்தனை ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். வழக்கமாகச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடும் அலுவலக உதவியாளர் அன்று வாசலிலேயே நின்றார். "சௌந்தரம் அம்மா போயிட்டாங்களாமுங்க" என்றார். நான் கரும்பலகையை முழுவதும் துடைத்தேன். அதன் பிறகுதான் பிள்ளைகளைப் போகச் சொல்லத் தோன்றியது.

சௌந்தரம் இராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், தாவரவியல் கற்பித்தார். கல்லூரி ஆசிரியை ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாரே என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். "கார்டு என்ன, சாமி ரூம்புல வெச்சுப் பூசை போடறதுக்குங்களா?" என்பார். நான் நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் ரேஷன் அரிசிப் பையின்மேல் இன்னொரு பையைப் போட்டு மூடித்தான் எடுத்து வருவார்கள். சௌந்தரம் அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்.

இப்போது எழுதப்போவது எங்கள் கல்லூரியில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். இதில் வரும் மாணவியின் உண்மைப் பெயர் தெய்வானை அல்ல; எழுதச் சம்மதம் தந்தது அவள்தான்.

எண்பதுகளின் தொடக்கம். தெய்வானை நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெண், இறுதியாண்டு மாணவி. மழை பொய்த்துக் கிணறு வற்றியதால் அரசு உதவித்தொகையில் படித்தாள். அத்தை மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். அவன் சங்ககிரியில் லாரி ஓட்டினான். அவள் கர்ப்பமானது தெரிந்ததும் வடக்கே லோடு ஏற்றிப் போனவன் திரும்பவில்லை. அவள் அதை விடுதியில் ஆறு மாதம் மறைத்தாள். பிறகு மறைக்க முடியவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வெளுத்த வேட்டி சட்டையில் கல்லூரிக்கு வந்தார். உதவித்தொகை வேண்டாம் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தார். காரணம் கேட்டதற்கு, "சர்க்காரு காசு தொட்டாத்தானுங்க நம்மளக் கேள்வி கேப்பாங்க? வேண்டாம்னு உட்டுட்டா எம்புள்ளையப் பத்தி எவனும் கேக்க முடியாதுங்களே" என்றார். கல்லூரிக் கட்டணமே அந்தத் தொகையிலிருந்துதான் போகிறது, அது நின்றால் மகளின் படிப்பும் நின்றுவிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை என்றார் சௌந்தரம். யோசித்துத்தான் கொடுத்தார் என்று நான் சொன்னேன். சௌந்தரம் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் உதவித்தொகை விதிகளை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனார். கர்ப்பமானால் உதவித்தொகையை நிறுத்த வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை என்றார். விடுதியில் இடமில்லாவிட்டால் அஸ்தம்பட்டியில் தன் வீட்டில் அவள் இருக்கட்டும், பிரசவத்துக்குச் சேலம் பெரியாஸ்பத்திரி இருக்கிறது என்றார். முதல்வர் நல்லவர், ஆனால் பயந்தவர். மறுநாள் மாலைக்குள் பெண் வராவிட்டால் அப்பாவின் கடிதத்தை மேலே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று மதியமே நானும் சௌந்தரமும் தெய்வானையின் ஊருக்குப் பஸ் ஏறினோம். வீட்டில் அப்பா எங்களைக் கட்டிலில் உட்காரவைத்தார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றார். தெய்வானை உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. முதல்வரிடம் சொன்னதையெல்லாம் சௌந்தரம் தன் வீட்டு விலாசத்தோடு சொன்னார். தர்மத்துக்குப் படிக்கவைக்கும் நிலைமைக்குத் தன் குடும்பம் இன்னும் வரவில்லை என்று அப்பா சொன்னார். சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தன் வீட்டுப் பெண் எவளும் போனதில்லை என்றும் சொன்னார்.

சௌந்தரம் மோரைக் குடித்து முடித்தார்.

"ஏனுங்க, கெணத்து மோட்டாருக்கு வாங்குன கடனு தள்ளுபடி ஆச்சுங்களே, அப்ப வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"அது வெள்ளாமைக்குங்க."

"இதும் வெள்ளாமைதானுங்க. அங்க காஞ்சது கெணறு. இங்க காயப்போறது உங்க புள்ளைங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். அம்மா மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் சௌந்தரம் கேட்டார்: "வருவாளுங்களா?" வரமாட்டாள் என்றேன். "நீங்க எதையுமே நம்ப மாட்டீங்க. அதனாலதான் உங்களக் கூட்டிட்டு வந்தனுங்க. நான் நெனச்சது நடந்துச்சுன்னா அதுக்கு ஒரு சாட்சி வேணுமில்ல?" என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். யாரும் என்னைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சேலம் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய நாற்காலியில் இப்போது விடைத்தாள் கட்டுகளை வைக்கிறார்கள். தினமும் காலையில் அவற்றை எடுத்துக் கீழே வைக்கிறேன். மதியத்துக்குள் மீண்டும் யாராவது வைத்துவிடுகிறார்கள். நான் எதையாவது மறுத்துச் சொன்னதும் நிமிர்ந்து பார்க்க எதிரே ஆள் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன. அன்று என் தோளில் இருந்த கனம் தெரியும். அதை நான் வைத்துக்கொள்கிறேன். சாட்சியாகத்தான் கூட்டிப் போனார் என்பதால் மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

கல்லூரி மணி அடிப்பதற்கு முன்பே அஸ்தம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் தெய்வானையும் அவளுடைய அம்மாவும் நின்றிருந்தார்கள். அப்பா வரவில்லை. அம்மாவின் இடுப்பில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய பித்தளைப் போசி இருந்தது. ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டார் மகளின் புகுந்த வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். சௌந்தரம் கதவைத் திறந்தார். முந்தின நாள் ஒரு வார்த்தை பேசாத அந்த அம்மா அவரிடம் கேட்டார்:

"கட்டுச்சோறு கொண்டாந்திருக்கறனுங்க சாமி. எங்க எறக்கி வெக்கட்டுங்க?"