நிமிடத்துக்கு ஆறு சிமிட்டல்

அந்த வட்டாரத்தில் அவருக்கு யூனிட் அக்கா என்று பெயர். பதினேழு வருடங்களாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து, அதில் தெரியும் எண்ணைக் கையடக்கக் கருவியில் பதிவதுதான் வேலை. ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடுகள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எந்த மீட்டர்ப் பெட்டிக்குள் பல்லி குடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இன்னொரு வித்தையும் உண்டு. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். மூவாயிரத்து இருநூறு முறை சிமிட்டினால் ஒரு யூனிட். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணுவார். பிறகு வாசலில் நின்றபடியே, "உள்ள ஹீட்டர் ஓடுது, யாரும் குளிக்கல போல, அணைங்க" என்பார். உள்ளிருந்து யாராவது பதறிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்கும்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்தக் கணினி வந்து சேர்ந்தது.

அது அக்காவின் தம்பியுடையது. கேம் ஆடுவதற்காகப் பார்த்துப் பார்த்து வாங்கியது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு, பெரிய கிராபிக்ஸ் கார்டு. வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் அக்கா வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டார். பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"மீனே இல்லாத மீன்தொட்டி. இதுக்கு ஒரு மேஜை வேற."

மறுநாளே கீழ்த்தளத்து போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் பேசி விலையும் வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் தம்பி போனில் வந்தார்.

"அக்கா, வித்துடாதீங்க. மைனிங் போடுங்க. அது பாட்டுக்கு ஓடி காயின் சம்பாதிக்கும்."

"மண்ணத் தோண்டறதா?"

"கணக்கு போடறதுக்கா. கிரிப்டோவுல யார் யாருக்கு அனுப்பினாங்கனு சரிபார்க்கறதுக்கு ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர் போட்டி போட்டு கணக்கு போடும். போட்டதுக்குக் கூலியா காயின் தருவாங்க. கரண்ட் செலவவிட கூலி அதிகமா வந்தா லாபம். அவ்ளோதான்."

கரண்ட் செலவு என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினேழு வருடமாக மற்றவர்கள் வீட்டு எண்ணை எழுதிய கை. தான் ஓட்டி, தான் கணக்குப் பார்த்து, தனக்கென்று ஓர் எண்ணை வரவழைத்தால் எப்படியிருக்கும்?

கணவர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "ஒரே ஒரு மாசம். அது முடிஞ்சு ரீடிங் எடுத்ததும் பில் வரும். பில்லுல ஏறினதவிட உன் காயின் ஜாஸ்தியா இருந்தா மீன்தொட்டி இங்கயே இருக்கட்டும். இல்லனா அன்னிக்கே ஸ்டுடியோக்காரர் தூக்கிட்டுப் போயிடுவார். அப்புறம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"வெச்சுக்க மாட்டேன். நீங்கதான் வெச்சுக்குவீங்க."

நடப்பு மாத ரீடிங்குக்கு எட்டு நாள் இருந்தது. அன்றிலிருந்துதான் அந்த ஒரு மாதம் தொடங்கும். அதற்குள் எதை, எப்படி மைனிங் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் அக்கா ஒரு நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் பெயர் சொல்லும் பெரிய நாணயத்தை முதல் பக்கத்திலேயே கோடு போட்டு அடித்துவிட்டார். அதற்கென்றே செய்த இயந்திரங்களைக் கிடங்கு கிடங்காக வைத்திருப்பவர்களோடு வீட்டுக் கணினி மோத முடியாது. "முதலில் பணம் கட்டுங்கள், உங்களுக்காக நாங்கள் தோண்டுகிறோம்" என்ற விளம்பரங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். "மீட்டரையே கண்ணுல காட்டாதவன் கிட்ட எதுக்குப் பணம்?" என்பது அவர் வாதம். கணினியின் பிராசஸரில் ஓடும் நாணயத்தை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். வந்தது கரண்டுக்கே சரியாகப் போனது. கடைசியில் கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சின்ன நாணயம் ஒன்று மிஞ்சியது. அதையும் தனியாகத் தோண்டினால் வருடக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமலே போகலாம். ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து ஓட்டி, வந்ததைச் செய்த வேலைக்கேற்பப் பிரித்துக்கொள்ளும் குழுவுக்கு 'பூல்' என்று பெயர். அதில் சேர்ந்தார்.

இணையத்தில் லாபக் கணக்குப் போடும் பக்கம் ஒன்று இருந்தது. 'ஒரு யூனிட் என்ன விலை' என்று கேட்டது. அக்கா தன் வீட்டு பில்லில் இருந்த விலையைத் தட்டினார். நூறு செலவழித்தால் நூற்று முப்பத்தைந்து வரும் என்றது திரை.

"ஏங்க! முப்பத்தஞ்சு சதவீதம்! எந்த பேங்க்ல தருவான்?"

"பேங்க்ல ரூமு இவ்ளோ சூடாகாது" என்றார் கணவர். ஆனால் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை அக்கா மூன்றாவது மாடி வீட்டில் நின்றார். அந்த வீட்டம்மா போன மாதப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தார். "புதுசா ஒரே ஒரு ஏசி. அதுக்கு இவ்ளோவா? மீட்டர் பொய் சொல்லுது."

இந்தக் கேள்விக்கான பதிலை அக்கா ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பார். வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனது. "மீட்டர் பொய் சொல்லாதுங்கம்மா. மாசம் முந்நூறு யூனிட் வரைக்கும் ஒரு விலை. முந்நூத்தி ஒண்ணு ஆச்சுனா, அந்த ஒண்ணுக்கு மட்டும் இல்ல, முதல் யூனிட்லேர்ந்து மொத்தத்துக்கும் ஒண்ணரை மடங்கு விலை. நீங்க முந்நூறத் தாண்டி…"

அத்தோடு நின்றுவிட்டது.

"தாண்டி?" என்றார் வீட்டம்மா.

அக்கா படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தார். ஊருக்கெல்லாம் சொல்லும் கணக்கைச் சொந்த வீட்டுக்குப் போடவில்லை! வீட்டுச் செலவு மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு எண்ணியபோது கணினி மட்டும் நிமிடத்துக்குப் பதினோரு சிமிட்டல். அப்படியென்றால் மாதம் நூற்று நாற்பத்தெட்டு யூனிட். இரண்டையும் கூட்டினால் முந்நூற்று அறுபது. பழைய பில்லே ஒன்றரை மடங்காகும். அந்தப் பாரம் முழுவதும் மைனிங் தலையில் விழும். முப்பத்தைந்து சதவீதமாவது, மண்ணாவது!

அன்று சாயங்காலம் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் அடக்க முடியாமல் சிரித்தார்.

"மீட்டர் பாக்கறவங்க வீட்டுலயேவா, அக்கா!"

"சிரிச்சு முடிச்சுட்டு பதில் சொல்லு. முந்நூறுக்குள்ள எனக்கு மிச்சம் எண்பத்தெட்டு யூனிட்தான் இருக்கு. அதுக்குள்ள எப்படி ஓட்டறது?"

"பாதி நேரம் நிறுத்திடுங்க."

"நிறுத்தினா வரும்படியும் பாதியாயிடுமே. அந்தக் கார்டு இவ்ளோ கரண்ட் குடிக்கணும்னு என்ன கட்டாயம்? கொறைச்சுக் குடுத்தா ஓடாதா?"

எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "ஓடும். பவர் லிமிட்னு ஒரு செட்டிங் இருக்கு. கேம் ஆடறவன் எவனும் அதைக் கொறைக்க மாட்டான். அதான் எனக்குத் தோணல."

தம்பி சொல்லச் சொல்ல அக்கா குறைத்தார். குறைப்பார், வாசலுக்கு ஓடுவார், ஒரு நிமிடம் எண்ணுவார், திரும்பி ஓடிவந்து திரையைப் பார்ப்பார். பத்து. ஒன்பது. ஏழரை. ஆறுக்கு வந்தபோது வரும்படி நூற்றில் பதினெட்டுதான் குறைந்திருந்தது. கரண்டோ கிட்டத்தட்டப் பாதி! அதற்கும் கீழே போனால் வரும்படி தடாலென்று விழுந்தது. மறுபடி ஆறுக்கே வந்தார். மாதத்துக்கு எண்பத்தொரு யூனிட். வீட்டுச் செலவோடு சேர்த்து இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. நூறு போட்டால் இருநூறு!

"ஒரு நாளைக்கு எவ்ளோ வருதுனு பாக்கக் கூடாதுங்க" என்று அக்கா மூச்சு வாங்கக் கணவரிடம் சொன்னார். "ஒரு யூனிட்டுக்கு எவ்ளோ வருதுனு பாக்கணும்!"

"முதல்ல உக்காந்து தண்ணி குடி. உன் பவர் லிமிட்டையும் கொஞ்சம் கொறை."

ரீடிங் முடிந்த அன்றே ஓட்டம் தொடங்கியது. இரண்டாவது வாரத்தில் பூலிலிருந்து முதல் நாணயத் துணுக்கு வந்து விழுந்தது. அதைப் பணமாக்கியதற்கு வந்த குறுஞ்செய்தியை அக்கா ஐந்து பேருக்குக் காட்டினார். அதில் மூன்று பேர் அதிகம் பேசிப் பழகாதவர்கள். ரீடிங் எடுக்கப் போன வீட்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிமிட்டலையும் எண்ணினார். ஆறு. ஆறு. ஆறு.

இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் எண்ணினார். எட்டு.

மறுபடி எண்ணினார். எட்டேதான். போன ரீடிங்கைக் கழித்தால் மீட்டர் இருநூற்று எழுபத்து நான்கில் இருக்க வேண்டும்; இருநூற்று எண்பது காட்டியது. உள்ளே வந்து மேஜைக்குப் பின்னால் குனிந்தார். கணினியின் பிளக் பலகையிலேயே இன்னொரு வயர். அதன் நுனியில், கண்ணாடித் தொட்டியைப் பார்த்தபடி ஒரு மேஜை விசிறி, தலையாட்டாமல் பக்தியோடு காற்று வீசிக்கொண்டிருந்தது.

"இது யார் வேலை?"

கணவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். "சூடா இருந்துச்சு."

"எது?"

"அதான்… அது. மத்தியானம் வேன் நிறுத்திட்டு வந்து தொட்டுப் பாத்தேன். ஜுரம் வந்த மாதிரி கொதிச்சுது. பாவமா இருந்துச்சு. நீ கெளம்பினதும் போடுவேன், வர்றதுக்குள்ள அணைச்சுடுவேன். இன்னிக்கு மறந்துட்டேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா."

அக்காவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. விசிறியைப் பிடுங்கிவிட்டுக் கணக்குப் போட்டார். முப்பதாம் நாள் காலையில் ரீடிங் வந்துவிட்டால் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. தப்பிக்கலாம்.

யாரும் தன் வீட்டு மீட்டரைத் தானே எழுதக் கூடாது என்பது அவர்கள் அலுவலக விதி. அக்கா வீட்டுத் தெரு, வெயிலோ மழையோ குடையில்லாமல் வெளியே இறங்காத ஒரு மூத்த ஊழியருடையது. குடைக்காரர் என்றால்தான் தெரியும். முப்பதாம் நாள் காலை அவர் வருவதற்குப் பதில் அவருடைய போன் வந்தது.

"கால் பிசகிடுச்சும்மா. நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதான் உங்க தெருவுக்கு வர முடியும். ஆனா நீ இருக்கியே, நம்ம ஆளு. நம்பரை இப்பவே போன்ல சொல்லிடு, இன்னிக்குத் தேதியில போட்டுடறேன். நீ சொன்னா மீட்டரே சொன்ன மாதிரி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் இரண்டு கையாலும் 'சொல்லு, சொல்லு' என்று ஜாடை காட்டினார். மீட்டரில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நாளை மதியம் என்றால் வழக்கமான செலவுக்கு முந்நூற்று எட்டு ஆகிவிடும்.

"வேணாம் அண்ணே" என்றார் அக்கா. "வந்து கண்ணால பாத்தே எழுதுங்க."

போனை வைத்ததும் கணவர் வெடித்தார். "பொய்யா சொல்லச் சொன்னேன்? தொண்ணூத்தாறு, உண்மைதானே! ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்!"

"மூணாவது மாடி அம்மா போன்ல நம்பர் சொல்றேன்னா நான் எழுதுவேனா?"

"மாட்டே."

"அப்ப?"

கணவர் கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தார், பிறகு மீட்டர் இருக்கும் வாசல் பக்கம் பார்த்தார். "நாலு யூனிட் இருக்கு. ஒண்ணேகால் நாள்" என்றார். "சரி. நான் சட்டை அயர்ன் பண்ணல."

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு முற்றுகை. கணினி அணைந்தது. மோட்டார் போடவில்லை, பக்கெட்டில் இருந்த தண்ணீரிலேயே குளியல் முடிந்தது. ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அதன் பிளக்கையும் பிடுங்கினார்கள். விசிறி ஓடவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து செய்தித்தாளால் வீசிக்கொண்டார்கள். கசங்கிய சட்டையோடு வேன் ஓட்டப் போனவரைப் பிள்ளைகள் எல்லாம் "அங்கிள், தூங்கி எழுந்து அப்படியே வந்துட்டீங்களா?" என்று கேட்டார்களாம். "ஆமா, ஒருத்தருக்கு ஜுரம்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

மறுநாள் அக்கா அரை நாள் விடுப்பு எடுத்தார். மூன்று மணிக்கு மீட்டர் எண் ஒரு படி ஏறியது. மூன்றரைக்குத் தெருமுனையில் குடை தெரிந்தது. நொண்டி நொண்டி வந்தது. வழியில் எல்லா வீட்டிலும் நின்று நிதானமாக எழுதியது. கணவர் படிக்கட்டிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"அவரைத் தூக்கிட்டு வந்துடட்டுமா?"

"சும்மா இருங்க!"

நாலேகாலுக்குக் குடைக்காரர் வாசலுக்கு வந்தார். குடையை மடக்கி ஊன்றினார். கண்ணாடியைத் துடைத்தார். மீட்டர்ப் பெட்டியைத் திறந்தார். குனிந்தார். கருவியில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டினார். போன மாத எண்ணைக் கழித்துக் காட்டிவிட்டுக் கருவி பீப் என்றது.

"இருநூத்தி தொண்ணூத்தி ஒம்போது" என்றார். "என்னம்மா, முந்நூறுக்கு ஒண்ணு கம்மி. பாத்துப் பாத்துச் செலவு பண்ற போல."

அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. பில்லில் ஏறியதைப் போல இரண்டு மடங்கு அவர் கணக்கில் ஏற்கெனவே வந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் கணவரைக் காணோம். உள்ளே கலர் விளக்குகள் எரிந்தன. கணவர் போனில் யாரிடமோ பேசும் சத்தமும் கேட்டது.

"ஸ்டுடியோ சார், அதை விக்கறதா இல்ல. ஆமா. அது வேலைக்குப் போயிட்டிருக்கு."

குடைக்காரர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அக்கா கைக்கடிகாரத்தைத் திருப்பினார். வீட்டில் வேறெதுவும் இன்னும் போடவில்லை. சிவப்பு விளக்கு சிமிட்ட, உதடு அசைந்தது. ஒரு நிமிடம் முடிந்தது. எட்டு.

"ஏங்க! விசிறிய அணைங்க!"

"சூடாயிடும்டி!"

"ஜன்னலைத் திறந்து மேஜைய அந்தப் பக்கம் தள்ளுங்க. காத்துக்கு யூனிட் கிடையாது!"

உள்ளே மேஜை கிறீச்சிட்டு நகர்ந்தது. ஜன்னல் கதவு படீரென்று திறந்தது. அக்கா மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.