பிரிக்க முடிகிற சுவர்

ஒப்புக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிவகாசியில் எங்கள் பழைய அச்சகத்தை இடித்தபோது, செங்கல்லையெல்லாம் பள்ளத்தில் கொட்டச் சொன்னவன் நான்.

முதல் லாரி கிளம்பும் நேரத்தில், ஏழாயிரம்பண்ணையிலிருந்து பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்கு வரும் மாரியம்மாள் வந்து நின்றார். மழையில் அவர் வீட்டுச் சுவர் விழுந்திருந்தது.

"அண்ணாச்சி, இந்தக் கல்ல நான் எடுத்துக்கிடட்டுமா?"

"இடிஞ்ச கல்லு எதுக்கும்மா ஆகும்?"

அவர் பழைய சுவரின் செங்கல் ஒன்றை எடுத்து, அங்கே கிடந்த கொத்துக் கரண்டியால் சுரண்டினார். சுண்ணாம்புக் காரை மாவாக உதிர்ந்தது. தட்டினார், கணீரென்றது. ஆர்வம் தாங்காமல் நானும் உட்கார்ந்து சுரண்டினேன். அச்சகத்தோடு பிற்காலத்தில் சிமெண்டில் கட்டிச் சேர்த்த அறையின் கல்லோ என் கையிலேயே உடைந்தது. சிமெண்டு மட்டும் விடவில்லை.

"அது விடாது அண்ணாச்சி. புதுசா கட்டப் போறீகளே, அதப் பிரிச்சா யாருக்காவது கல்லு கெடைக்குமா?"

புதுக் கட்டடத்தின் வரைபடத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

லாரியை அவர் ஊருக்குத் திருப்பிவிட்டேன். புதுச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை, கூரைக்கு வெல்டிங் இல்லாமல் போல்ட் என்று மாற்றினேன். கொத்தனார் காரணம் கேட்டார்.

"பின்னால வாரவுக கழத்தணும்லா" என்றேன்.

சொன்ன பிறகுதான், அவர்கள் யாராக இருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.