சுந்தரத்தின் லென்ஸ் மூடி

என் வீட்டுக்காரர் சுந்தரம் முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் பழுது பார்த்தவர். எத்தனையோ பஸ்ஸை நிற்க வைத்த மனுஷனால் ஒரு கேமரா மூடியை ஓரிடத்தில் நிற்க வைக்க முடியவில்லை. கேட்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். கூட இருக்கிற எனக்கு வருவதில்லை.

கேமரா அவருடைய முதல் சம்பளத்தில் வாங்கியது. ஃபிலிம் போடுகிற பழைய ரகம். கண் வைத்துப் பார்க்க மூலையில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி, படம் விழுகிற லென்ஸ் நடுவில் வேறு. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கே போனில் படம் எடுக்கிறது. இவர் மட்டும் முப்பத்தாறு படத்துக்கு ஒரு ரோலை மாட்டிக்கொண்டு திரிவார். லென்ஸின் மேல் தொப்பி மாதிரி கவிழ்க்கிற மூடி. உள்ளே ஒட்டியிருந்த துணி தேய்ந்துபோய் ஆறேழு வருஷமாகத் தொளதொள. கேமராவைத் தூக்கினாலே கழன்று விழும். அவர் கையால் கழற்றி நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் விழுந்திருக்கிறது, தேக்கா மார்க்கெட்டில் மீன் தண்ணீரில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குனிந்து தேடுவது யார்? நான்தான், இந்த முட்டிவலியை வைத்துக்கொண்டு.

போன வருஷம் அவர் தங்கை வள்ளிநாயகியின் மகன் நிதீஷுக்குக் கல்யாணம். வள்ளி வீட்டுச் சுவரில் தொங்குவதெல்லாம் அண்ணன் எடுத்த படங்கள். தாலி கட்டுகிற படத்தையும் அண்ணன்தான் எடுக்க வேண்டும் என்றாள். கெட்டிமேளம் கொட்டியதும் இவர் கேமராவைத் தூக்கினார், மூடி விழுந்து உருண்டது, இவரும் அதன் பின்னாலேயே நாற்காலிக்கு அடியில் போய்விட்டார். வெளியே வந்தபோது மூன்று முடிச்சும் முடிந்திருந்தது. கூலிக்கு வந்த போட்டோக்காரர் எடுத்த படத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், ஓரத்தில் இவருடைய பின்பக்கம் தெரிகிறது. எட்டு மாதம் வள்ளி எங்களோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் தன் மகள் சுஷ்மிதாவின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அண்ணனைப் பார்த்து, “இதுதான் எங்க வீட்டுல கடைசிக் கல்யாணம். அந்த ஒரு படம் மட்டும் எடுத்துக் குடுத்துடுங்கண்ணே,” என்றாள். இவர் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. புது மூடி வாங்குங்கள் என்றேன். பழைய கேமரா விற்கிற நெய்னா முகம்மது கடையில் இந்த அளவே கிடையாதாம். மூடியே வேண்டாம், தூக்கிப் போடுங்கள் என்றேன். பெற்ற பிள்ளையைத் தூக்கிப் போடச் சொன்ன மாதிரி பார்த்தார். லென்ஸில் தூசி படுமாம், பூஞ்சை பிடிக்குமாம். ரப்பர் பேண்டை லென்ஸைச் சுற்றி மாட்டினார், இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது இளகிப் பிசுபிசுத்தது. செலோடேப் ஒட்டினார், இரண்டாம் நாளே உரிந்துகொண்டது. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பும் வந்தது, நூல் நூலாகப் பிரிந்து லென்ஸெல்லாம் ஒட்டியது. சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் டேப்பும் கத்தரிக்கோலும் பசையும். இப்படி இரண்டு மாதம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. கொண்டாங்க இங்கே என்று மூடியைப் பிடுங்கினேன். என் வெல்வெட் பொட்டு அட்டையிலிருந்து மூன்றை உரித்து, மூடியின் உள்விளிம்பில் இடைவெளி விட்டு ஒட்டினேன். பின்னால் பசை, முன்னால் மெத்தென்ற துணி, வேறென்ன வேண்டும்? லென்ஸில் வைத்து அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினேன், அசையவில்லை. இரண்டு நிமிஷ வேலைக்கு இரண்டு மாதம் என் உயிரை வாங்கினீர்களே என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கேமராவைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் மனுஷன் தூண் மாதிரி நின்றார். கெட்டிமேளம் கொட்டியது. எதுவும் விழவில்லை, எதுவும் உருளவில்லை. விடாமல் அமுக்கி முப்பத்தாறையும் தீர்த்தார். மணவறைக்குப் பக்கத்தில் நின்ற வள்ளி, அண்ணனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பந்தியில் உட்கார்ந்தோம். கேமரா இலைக்குப் பக்கத்தில், மூடியோடு. பரவாயில்லையே, மறக்காமல் மூடியும் விட்டாரே என்று நினைத்து, “எப்ப மூடுனீங்க?” என்று கேட்டேன்.

“மூடவே இல்லையே,” என்றார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “நேத்து வீட்டுல நீ போட்டது லா. ஒரு தடவகூட விழல, பாத்தியா?”

அப்பளம் கையிலிருந்து இலையில் விழுந்தது. நான் மூடியைப் பார்த்தேன், அவரும் மூடியைப் பார்த்தார். முப்பத்தாறு படமும் இருட்டு. திட்ட வாயெடுத்தேன். ஆறேழு வருஷமாகத் திட்டிப் பழகிய வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. மூடியைக் கழற்றியே பழக்கமில்லாத மனுஷனுக்குக் கழலாத மூடியைச் செய்து கொடுத்தது நான்.

அதற்குள் வள்ளி பாயச வாளியோடு எங்கள் இலைக்கே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. படம் எப்போது கைக்கு வரும் என்று அண்ணனிடம் கேட்டாள். அவர் தலை நிமிரவில்லை.

“வள்ளி, வாளிய கீழ வை,” என்றேன். “அண்ணன ஒன்னும் சொல்லாத. அந்த மூடிய இறுக்குனது நான்.”